கம்பியா, கண்ணாடி உறையா?

போன வாரம் நம் ருசி அக்காவைப் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடியே உட்கார்த்திவைத்துவிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிவிட்டேன். "அந்த அம்மா வாயை மூடினாங்களா, இல்லையா?" என்று என்னை வழிமறித்துக் கேட்காத ஆளில்லை. மூடினாள், மூடினாள். உள்ளே ஒரு ரகசியத்தை வைத்தே மூடினாள்.

இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. ருசி அக்கா ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்க்கிறவள். ஒரு கடி கடித்தால் போதும், சர்க்கரை தூக்கலா, வெண்ணெய் குறைவா, அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வெந்ததா என்று சொல்லிவிடுவாள். வீட்டுக்காரர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள், கல்லூரியில் இப்போதுதான் காலடி எடுத்து வைத்தவள். பல்லுக்குக் கம்பி போட்டு, அதில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று கலர் கலராக ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டு திரிவதால் வீட்டில் அவளுக்கு வானவில் என்று பெயர்.

மகளுக்குத் துணையாகப் போன இடத்தில் டாக்டரம்மா அக்காவைப் பார்த்து, "உங்களுக்கும் சரி பண்ணிடலாமே?" என்று கேட்டுவைத்ததுதான் வினை.

அக்காவின் முன்பற்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். அதற்காக யாரும் அவளை எதுவும் சொன்னதில்லை. கல்யாணத்தன்று படம் எடுக்க வந்தவர் மட்டும், "கொஞ்சம் வாயை மூடிக்குங்க, படம் நல்லா வரும்" என்றார். அவர் சொல்லிவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார். அக்காதான் அன்றிலிருந்து கையால் வாயைப் பொத்தாமல் சிரித்ததில்லை.

அதுகூடப் பரவாயில்லை. வானவில் குழந்தையாக இருந்தபோது, ஒரு பல்கூடக் கோணலாக இல்லாத பால்பல் வயதிலேயே, சிரிப்பு வந்தால் குட்டிக் கையைத் தூக்கி வாயில் வைத்துக்கொள்ளும். சிரித்தால் அப்படித்தான் செய்ய வேண்டும்போல என்று அது நினைத்துக்கொண்டது. அதைப் பார்த்த அன்று அக்கா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சரி, ரகசியம் என்ன?

டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். ஒன்று, மகளுக்குப் போட்டதுபோலப் பல்லில் ஒட்டும் கம்பி. இன்னொன்று, அலைனர். கண்ணாடிபோல நிறமே இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் உறை. பல்லின் மேல் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது. சாப்பிடும்போது கழற்றலாம். "பழகிப் பாருங்க, பிடிச்சா முடிவு பண்ணலாம்" என்று மாதிரிக்கு ஓர் உறையையும் செய்து மாட்டி அனுப்பினார். அதை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டு வளைய வருகிறாள் அக்கா. முடிவு சொல்ல வேண்டியது இன்று சாயங்காலம்.

*

காலையில் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் இருந்தார்கள்.

"இன்னைக்கு சாயங்காலம் சீக்கிரமா வந்துடுவியா?" என்றார் கண்ணாடிக்காரர், ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே.

"இல்லீங்க, கொஞ்சம் லேட்டாகும். பெரிய கடைக்காரர் ஒருத்தர் வர்றார். புது பிஸ்கட்டை ருசி பார்க்க."

இதில் இருக்கும் ஒவ்வொரு 'ஸ'வும் 'ச'வும் சாரல் அடித்துக்கொண்டு வந்தது. உறை பழகும்வரை நாக்கு கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும்.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன, பேச்சு ஒரு மாதிரி இருக்கு?"

"அம்மாவுக்கு ஜலதோஷம்பா," என்றாள் வானவில் படக்கென்று.

"ஜலதோஷம் மூக்குல வரும். இது நாக்குல வந்திருக்கே?"

"இப்பல்லாம் அப்படித்தான்பா வருது."

அப்பாவிடம் இப்படிக் கூசாமல் புளுகும் பெண்ணைப் பெற்றதற்காக அக்கா அந்த நிமிஷம் பெருமைப்பட்டாள். என்ன செய்வது, அவசரத்துக்குப் பாவமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் எழுந்து கை கழுவப் போனதும் அம்மாவும் பெண்ணும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள்.

"அப்பாகிட்டச் சொல்லிடேன்மா. கடிச்சா திங்கப் போறாரு?"

"இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டார்னு வை, எனக்கு மனசு விட்டுப்போயிடும்டி. அவர் கேக்க மாட்டார். ஆனா கேட்டுட்டா?"

"சரி, என்னதான் முடிவு பண்ணியிருக்கே?"

"உறைதான். யாருக்கும் தெரியாம ஆரம்பிச்சு, யாருக்கும் தெரியாமலே முடிஞ்சுடும்."

"அப்ப நான் மட்டும் ஊருக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டுக் கம்பி போட்டுக்கிட்டுத் திரியறேன்?"

"நீ சின்னப்பொண்ணு. உனக்கு எது போட்டாலும் அழகு."

 வானவில் அம்மாவின் முகத்தையே பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்தப் பார்வை அக்காவை வேலைக்குப் போகும் வழியெல்லாம் உறுத்தியது.

*

பிஸ்கட் தொழிற்சாலைக்குள் போகிறவர்கள் போடும் வெள்ளைக் கோட்டுக்குப் பையே கிடையாது. பேனா, சில்லறை, கர்ச்சீப் எதுவும் குனியும்போது மாவில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகப் பை வைக்காமலே தைக்கிறார்கள். மோதிரம், தோடு எல்லாம் வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கையில் காயம் பட்டால் ஒட்டும் பிளாஸ்திரிகூட அங்கே பளிச்சென்று நீல நிறம். நீல நிறத்தில் பிஸ்கட் கிடையாது, அதனால் விழுந்தால் கண்ணில் படும். கண் தவறவிட்டாலும் உள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. வரிசையின் கடைசியில் நிற்கும் இயந்திரம் உலோகத்தைக் கண்டால் ஊரைக் கூட்டிக் கத்தும்.

இதையெல்லாம் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நம் அக்காதான். அப்படிப்பட்டவள் தினமும் உறையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். இன்று மறந்துபோனாள். வாய்க்கு அது அவ்வளவு பழகிவிட்டது. மகளின் பார்வையை நினைத்துக்கொண்டே கோட்டை மாட்டி, கையைக் கழுவி, ருசி பார்க்கும் அறைக்குள் வந்து நின்ற பிறகுதான் நாக்கு போய் அதைத் தொட்டது.

'ஐயையோ!'

திரும்பிப் போகலாம் என்றால் மேனேஜர் வாசலில் நின்றார். "அக்கா, கடைக்காரர் முன்னாடியே வந்துட்டார். பக்கத்து ரூம்ல உட்கார்த்தி வச்சிருக்கேன். மாதிரியெல்லாம் ஒரு தடவை பார்த்துடுங்க, உடனே அனுப்பிடலாம்."

"இதோ சார்."

அந்த அறையில் பிஸ்கட் மாதிரிகளை மூடி போட்ட சின்னக் காகிதக் கப்புகளில் வைப்பது வழக்கம். எது எந்த அடுப்பில் வெந்தது என்று ருசி பார்க்கிறவருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது என்பதற்காக எல்லாக் கப்பும் ஒரே மாதிரி இருக்கும். மேனேஜர் தலை மறைந்ததும் அக்கா உறையைக் கழற்றினாள். கழற்றிவிட்டாள், எங்கே வைப்பது? கோட்டில் பை இல்லை. மேஜையில் வைக்க மனசு வரவில்லை. கையில் கிடைத்தது ஒரு காலிக் கப். அதில் போட்டு, மூடியை அழுத்தி, தட்டின் ஓரமாக வைத்தாள்.

'கப்பில் மாதிரியைத் தவிர வேறு எதையும் போடாதீங்க' என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிற அக்கா!

பிறகு மளமளவென்று வேலையைப் பார்த்தாள். ஒன்றைக் கடித்து, "இது நல்லாருக்கு" என்றாள். இன்னொன்றைக் கடித்து, "இது வேண்டாம், லேசாத் தீய்ஞ்ச வாசனை" என்றாள். நல்லதையெல்லாம் தட்டில் அடுக்கிக் கடைக்காரருக்கு எடுத்துப்போனாள் உதவிக்கு இருக்கும் பெண். தண்ணீர் குடித்து வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஓரத்தில் வைத்த கப்பைக் காணோம்.

"ஏம்மா, இங்க ஓரமா ஒரு கப் இருந்துச்சே?"

"மிச்சக் கப்பையெல்லாம் எடுத்துட்டேன்க்கா. கை படாத பிஸ்கட் வீணாப் போகக் கூடாதுன்னு உடைசல் தொட்டியில கொட்டிட்டேன்."



உடைசல் தொட்டியில் விழுவதெல்லாம் அரைக்கும் இயந்திரத்துக்குப் போகும். அரைத்த தூள் மாவோடு கலந்து மறுபடியும் பிஸ்கட்டாக வரும். உலோகமாக இருந்தால் கடைசியில் கத்தும் இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். இதுவோ பிளாஸ்டிக். அதுவும் கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக். தூளாகி எந்தக் குழந்தையின் பிஸ்கட்டில் போய் உட்காருமோ!

யாருக்கும் தெரியாது என்பதுதானே அதன் பெருமை என்று சந்தோஷப்பட்டாள்? அதே பெருமை இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது.

ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாள் என்று எழுதினால் கதைக்குச் சுவை கூடும். ஆனால் அக்கா நிற்கவில்லை. ஓடினாள். அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள். இயந்திரம் நின்றது. அதோடு மாவு கலக்கும் இடமும் நின்றது. அந்தப் பெரிய கூடத்தில் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "யாரு நிறுத்தினது?"

"நான்தான் சார்."

"அக்காவா? என்னாச்சு? என்ன விழுந்துச்சு?"

அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், மாவு பிசைகிறவர்கள், அட்டைப்பெட்டி கட்டுகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை பேர் முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல வேண்டும். வீட்டில் கட்டினவரிடமே சொல்லாத விஷயம்.

"என்... பல்லுக்குப் போடற உறை சார். பல்லை நேராக்கறதுக்கு. கழட்டிக் கப்புல வச்சேன். அது தொட்டியில விழுந்திருக்குமோன்னு பயமாருக்கு."

"பல்செட்டா?" என்றார் அடுப்பு அண்ணன், காது கேட்காததுபோல.

"பல்செட்டு இல்லண்ணே! பல்லு என்னோடதுதான். அது கோணலா இருக்கு, அதை நேராக்கறதுக்கு!" அக்கா கத்தியே சொல்லிவிட்டாள். இனி இந்தத் தொழிற்சாலையில் தெரியாதவர் யாருமில்லை.

சூப்பர்வைசர் முகம் கறுத்தது. "நீங்களே இப்படிப் பண்ணலாமாக்கா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த 'நீங்களே' அக்காவைச் சுட்டது.

தொட்டியை மேஜைமேல் கவிழ்த்துச் சலிக்க ஆரம்பித்தார்கள். அக்கா முழங்கைவரை கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் துழாவினாள். கையெல்லாம் பிஸ்கட் தூள். முகத்திலும் கொஞ்சம். உறை கிடைக்கவில்லை. இயந்திரத்தின் வாயைத் திறந்து பார்த்தார்கள். அங்கேயும் இல்லை. 

அப்போது பக்கத்து அறைக் கதவு திறந்தது. கடைக்காரர் வெளியே வந்தார். வழுக்கைத் தலையில் தொழிற்சாலையின் வலைத்தொப்பி. கையில் ஒரு காகிதக் கப். பின்னாலேயே மேனேஜர்.

"மேனேஜர் சார், மத்ததெல்லாம் பிரமாதம்," என்றார் கடைக்காரர். "இந்த ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. பிஸ்கட் அடுக்கற பேக்கிங் மாதிரியா இது? ஆனா இந்த வளைவுல நீங்க பிஸ்கட் ஏதும் போடலையே?"

கப்பைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே, தேய்த்து வைத்த கண்ணாடிக் கிண்ணம்போலப் பளபளவென்று அக்காவின் பல் வரிசை.



"குழந்தைங்களுக்கு ஏதோ புதுசா மிட்டாயோன்னு நினைச்சேன்," என்று அவரே தொடர்ந்தார். "நக்கிப் பார்க்கலாமான்னுகூட ஒரு யோசனை வந்துச்சு."

"ஐயா, வேண்டாம்!" என்று அலறினாள் அக்கா. "அது என் வாய்ல இருந்தது!"

கடைக்காரர் கப்பைப் பார்த்தார். அக்காவின் பல்லைப் பார்த்தார். மறுபடி கப்பைப் பார்த்தார். மாவு பிசைகிற கூட்டத்திலிருந்து யாரோ 'பக்'கென்று வெடித்தார்கள். அவ்வளவுதான். அடுப்பு அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். உதவிக்காரப் பெண் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முறைத்துக்கொண்டே நின்ற சூப்பர்வைசர் திரும்பி நின்று தோளை ஆட்டினார்.

அக்காவும் சிரித்தாள். பயமெல்லாம் சிரிப்பாக மாறிக்கொண்டு வந்தது. வழக்கம்போலக் கை வாய்க்குப் போகப் பார்த்தது. முழங்கைவரை தூள், எப்படிப் போகும்? அப்படியே கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கோணல் பல் அத்தனையும் தெரிய, கண்ணில் நீர் வழிய, வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒருவரும் அவள் பல்லைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளோடு சேர்ந்து சிரிப்பதில்தான் மும்முரமாக இருந்தார்கள்.

கொஞ்சம் அடங்கியதும் நடந்ததைச் சூப்பர்வைசர் சொல்ல, கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப இந்தக் கப் தட்டோட என்கிட்டதான் வந்திருக்கு, தொட்டியில ஒண்ணுமே விழலை. விழுந்திருக்குமோன்னு சந்தேகத்துல இவ்வளவு பெரிய மெஷினை நிறுத்தினீங்களாம்மா?"

"ஆமாங்கய்யா. தப்பு என்னோடதுதான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு மேனேஜரோடு உள்ளே போனார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. சூப்பர்வைசர், "வீட்டுக்குக் கிளம்புங்கக்கா. மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லுவார்," என்றார். அதுவும் விளங்கவில்லை. வேலை இருக்குமா, எழுதிக் கொடுக்கச் சொல்வார்களா, ருசி பார்க்கும் அறையிலிருந்து பெட்டி கட்டும் இடத்துக்கு மாற்றிவிடுவார்களா? கழுவித் துடைத்த உறையை அதன் டப்பாவில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

*

பல் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் வானவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா.

அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஏங்க... நீங்க எப்படி?"

"வானவில்லைத் திட்டாதே. நான்தான் மிரட்டி உண்மையை வாங்கினேன்," என்றார் கண்ணாடிக்காரர்.

"மிரட்டல்லாம் இல்லம்மா. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்," என்றாள் மகள்.

"ஆனா விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும். நீ ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசும்போதெல்லாம் பல்லுல வெளிச்சம் வழுக்கிச்சு. காலம்பூரா லென்ஸ் துடைக்கிறவன்கிட்ட அதை மறைக்க முடியுமா? பல்லோட பளபளப்பு வேற, பிளாஸ்டிக்கோட பளபளப்பு வேற."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு வருத்தம்தான். என்கிட்ட ஏன் மறைக்கணும்?"

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றிவளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணத்தன்று படம் எடுத்தவர் சொன்னது, அன்றிலிருந்து கையைத் தூக்கியது, குழந்தை அதைப் பார்த்துப் பழகியது, குளியலறைக் குழாய். வானவில் கேட்டுக்கொண்டே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடப்பாவமே," என்றார் அவர். "அந்த ஆள் என்கிட்டயும் ஒண்ணு சொன்னான். 'சார், கண்ணைத் திறந்து வைங்க'ன்னு. கடைசிவரைக்கும் நான் திறக்கலை. ஒரு படத்துலயாவது நான் முழிச்சிக்கிட்டு இருக்கேனா பாரு. தூங்கற மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கிட்டே. அதுக்காக நான் என்ன, கண்ணைப் பொத்திக்கிட்டா திரிஞ்சேன்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் மூவரும் சிரித்ததில் உள்ளேயிருந்து டாக்டரம்மாவே எட்டிப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. முடிவோட வந்திருக்கீங்களா?"

நாற்காலியில் சாய்ந்தாள் அக்கா. டாக்டரம்மா இரண்டின் நல்லது கெட்டதையும் மறுபடி எடுத்துச் சொன்னார். உறை வெளியே தெரியாது, பல் தேய்க்கச் சுலபம், வாய்ப் புண்ணும் குறைவு. ஆனால் சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வாயில் இருந்தால்தான் வேலை செய்யும். "உங்க வேலையில ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழட்டி மாட்டுவீங்கன்னு நீங்களே யோசிங்க. அப்புறம், உங்க முன்பல் ஒண்ணு நல்லாத் திரும்பியிருக்கு. அதைத் திருப்பறதுக்குக் கம்பிதான் பிடி நல்லாக் கொடுக்கும். ஆனா கம்பியிலயும் கஷ்டம் இருக்கு. ஆரம்பத்துல வலிக்கும். கடினமானதை முன்பல்லால நறுக்குன்னு கடிக்கக் கூடாது. பிஸ்கட்டைச் சின்னதா ஒடைச்சு, பின்பல்லாலதான் மெல்லணும். அதுல உங்களால ருசி பார்க்க முடியுமா?"

"ருசி நாக்குலதானே டாக்டர் இருக்கு. மொறுமொறுப்பைப் பின்பல்லால பார்க்கப் பழகிக்கணும், அவ்வளவுதான்."

"நீங்க என்ன சொல்றீங்க சார்?" என்று டாக்டரம்மா திரும்பினார்.

"கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர், 'போட்டிருக்கறதே தெரியக் கூடாது'ன்னுதான் கண்ணாடி கேப்பாங்க டாக்டர்," என்றார் கண்ணாடிக்காரர். "கழட்டி எங்கயோ வச்சுட்டு, தடவிக்கிட்டு மறுபடி வர்றதும் அவங்கதான். ஆனா வாய் அவளோடது. அவ சொல்லட்டும்."

காலையில் எடுத்த முடிவு அக்காவின் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. அதைச் சொல்ல இப்போது வாய் வரவில்லை. கப்பும், தொட்டியும், நின்றுபோன இயந்திரமும் கண்ணுக்குள் வந்தன.

"கம்பி போடுங்க டாக்டர்."

"நிஜமாவா?" வானவில் துள்ளினாள்.

"எங்க இடத்துல கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கண்டாத்தான் எல்லாருக்கும் பயம். கம்பியில ஒரு துணுக்கு விழுந்தாக்கூட மெஷின் கத்திக் காட்டிக்கொடுத்துடும். உறை விழுந்தா என்னாகும்னு இன்னைக்குப் பார்த்துட்டேன்." அக்கா மகளைப் பார்த்தாள். "அது வேலைக்குச் சொல்ற காரணம். இன்னொண்ணும் இருக்கு. நான் ஒளிச்சு ஒளிச்சு நேராக்கிக்கிட்டா, கோணலா இருந்தது வெட்கம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். என் பொண்ணு அதை மறுபடியும் என்கிட்டருந்து கத்துக்க வேண்டாம்."

வானவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். காலையில் அம்மாவைப் பார்த்த பார்வைக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"எக்ஸ்ரே, சுத்தம் பண்றது எல்லாம் போன தடவையே முடிஞ்சது. அடுத்து வர வேண்டியவரும் வரல," என்றார் டாக்டரம்மா. "மேல்வரிசையை இன்னைக்கே ஒட்டிடவா?"

"ஒட்டுங்க. வீட்டுக்குப் போனா மனசு மாறினாலும் மாறும்."

ரப்பர் வளையத்துக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் மட்டும் ஒரு சின்னப் போர் நடந்தது. கண்ணாடிக்காரர் பல் நிறத்திலேயே கேட்டார். மகள் ஆரஞ்சு என்றாள். அக்கா, "நீலம்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்துகொண்டாள். அப்புறம் அவளால் பேச முடியவில்லை என்பதால் போர் அதோடு முடிந்தது.

முடிந்ததும் டாக்டரம்மா முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். உதடு புதிதாக எதன்மேலோ ஏறி உட்கார்ந்தது போலிருந்தது. மூடப் பார்த்தாள், வழுக்கியது. திறந்தாள். ஒவ்வொரு பல்லிலும் ஒரு வெள்ளிப் பொட்டு, அதைச் சுற்றி நீலம். அழகாக இருந்ததா என்று கேட்டால், இல்லை என்பேன். அக்கா சந்தோஷமாக இருந்தாள். அது போதும்.

"ஒரு வாரத்துக்குக் கஞ்சி, சூப், பழம். கடினமா எதையும் கடிக்கக் கூடாது. பிஸ்கட் பக்கமே போகாதீங்க," என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் போன் அலறியது. மேனேஜர். வீடியோவில் கூப்பிடுகிறார்.

 "நீங்க எடுங்களேன்," என்று கணவரிடம் நீட்டினாள்.

"உன்னைத்தானே கூப்பிடறார். எதுவா இருந்தாலும் நாங்க இங்கதான் இருக்கோம். எடு."

எடுத்தாள். படம் தெரியாமலிருக்க விரலால் கேமராவை மூடிக்கொண்டாள்.

"அக்கா, இருக்கீங்களா? இருட்டா இருக்கே? சரி, கேளுங்க. கப் விஷயத்துக்கு உங்களுக்கு ஒரு எச்சரிக்கை எழுதித்தான் ஆகணும், அது விதி. அதை எழுதியாச்சு. இப்ப அடுத்தது. கடைக்காரர் நம்ம பிஸ்கட்டை எடுத்துக்கறார்! அவரோட எல்லாக் கடைக்கும்! 'சந்தேகத்துக்கே மெஷினை நிறுத்தற இடத்துலருந்து வாங்கறேன்'னு சொல்லிட்டார்." பின்னால் அடுப்பு அண்ணனும் உதவிக்காரப் பெண்ணும் கைதட்டும் சத்தம் கேட்டது. "ஆனா ஒரு நிபந்தனை. நாளைக்குக் காலைல அவரோட கடை ஆளுங்க எல்லாரும் இங்க வர்றாங்க. அவங்க முன்னாடி நீங்கதான் பிஸ்கட்டைக் கடிச்சு, ருசியைப் பத்திப் பேசணுமாம். அந்தச் சிரிக்கிற அம்மாதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். வருவீங்கள்ல?"

டாக்டரம்மா கடிக்கவே கூடாது என்று கையை ஆட்டினார். கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். வானவில் மட்டும் அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா விரலை எடுத்தாள்.

போனைத் தன் முகத்துக்கு நேராக உயர்த்தினாள். அந்தப் பக்கம் ருசி பார்க்கும் அறை முழுக்கத் தலைகள். இந்தப் பக்கம் வலி விண்விண்ணென்று தெறிக்க, உதடு மூட மறுக்க, நீலமும் வெள்ளியுமாக அவள் சிரித்தாள். இன்னொரு கை மடியில் பேசாமல் கிடந்தது.

"வர்றேன் சார்," என்றாள். "எதை வச்சுக் கடிக்கப் போறேன்னு மட்டும் இப்பக் கேக்காதீங்க."